எந்தத் தெரு? ஏர்பிஎன்பியின் உறுதிமொழியும் டெல்டாவில் ஒரு திண்ணையும்

தை மாதம், தியாகராஜ ஆராதனை சமயம். விடியற்காலை உழவன் எக்ஸ்பிரஸில் கும்பகோணத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஒரு குடும்பம் என் அத்தை வீட்டு வாசலுக்கு வந்தது. கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண் குழந்தை. அத்தை வீடு திருவையாறு போகும் சாலையில், சுவாமிமலை தாண்டி, காவிரிக் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை. மாமா இறந்த பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் அத்தை ஒருவர் மட்டும். இரண்டு அறைகளைச் சீர் செய்து, குளியலறை கட்டி, இணைய வாடகைத் தளம் ஒன்றில் நான்தான் பதிவு செய்து கொடுத்தேன்.

அன்று திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமாவின் நண்பர். தினமும் காலைக் காபி இங்கேதான்.

"தம்பிக்குப் பூர்வீகம் எது?"

"திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஐயா."

"அடடே, நம்ம பக்கம்தானா! ஊருக்குள்ள எந்தத் தெரு?"

வந்தவர் ஒரு நொடி பேசவில்லை. அப்புறம் தெருவின் பெயரைச் சொன்னார். பெரியவர் "சரி, சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான். சத்தமில்லை, முகச்சுளிப்பில்லை. கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. பெரியவருக்குப் பித்தளை டபராவில். எனக்கும் டபராவில். அவர்களுக்குப் பேப்பர் கப்பில்.

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

இரண்டு இரவுக்குப் பதிவு செய்தவர்கள், அவசர வேலை என்று ஒரே இரவில் கிளம்பினார்கள். மறுநாள் தளத்தில் மதிப்பீடு வந்தது: ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். "அழகான வீடு, அருமையான சாப்பாடு." கூடவே எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி. "அண்ணா, வீடு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்களுக்கு மட்டும் காபி ஏன் பேப்பர் கப்ல வந்துச்சு? பாப்பா கேட்டா. என்ன சொல்றதுன்னு தெரியல."

இந்த ஆய்வை நான் எழுத உட்கார்ந்தது அந்தச் செய்தியால்தான். வீட்டைப் பகிர்ந்து வாடகைக்கு விடும் தொழிலில் உலகத்திலேயே பெரிய பெயர் ஏர்பிஎன்பி. "யாராக இருந்தாலும் சமமாக நடத்துவேன்" என்று உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் உறுதிமொழி வாங்கும் நிறுவனம் அது. அந்த உறுதிமொழி எப்படி வந்தது, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததை அத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தேன்.

மூன்று காற்று மெத்தைகள்

2007 அக்டோபர், சான் பிரான்சிஸ்கோ. பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்கள் வாடகை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இருவரும் வடிவமைப்புப் படித்தவர்கள். ஊரில் வடிவமைப்பாளர் மாநாடு நடந்தது, ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. வீட்டில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு, காலைச் சிற்றுண்டியும் தருகிறோம் என்று இணையத்தில் அறிவித்தார்கள். ஆளுக்கு இரவுக்கு 80 டாலர். மூன்று பேர் வந்து தங்கினார்கள். நேதன் பிளச்சார்சிக் என்ற பொறியாளர் சேர்ந்தபின் 2008-ல் அது நிறுவனமானது.

மகாமகத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் மாடி அறையைச் சுத்தம் செய்து, வந்தவர்களுக்குக் கொடுத்துப் பழகிய கும்பகோணத்துக்காரர்களுக்கு இந்த யோசனை புதிதில்லை. ஆனால் நம்மிடம் வந்து தங்கியவர்கள் பெரும்பாலும் யாராவது ஒருவர் சொல்லி வந்தவர்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். முன்பின் தெரியாதவனை நடு வீட்டில் படுக்க வைக்க யாரும் துணிய மாட்டார்கள். அந்தத் துணிச்சலை எப்படி உண்டாக்குவது என்பதுதான் அந்த மூவரும் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்.

முதல் இரண்டு ஆண்டுகள் தொழில் நகரவே இல்லை. 2008 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் வேட்பாளர்கள் பெயரில் தானியச் சிற்றுண்டிப் பெட்டிகள் அச்சடித்து, பெட்டி 40 டாலர் என்று விற்று, சுமார் 30,000 டாலர் சேர்த்துத்தான் உயிர் பிழைத்தார்கள். 2009-ல் ஒய் காம்பினேட்டர் என்ற தொழில் ஊக்க அமைப்பு 20,000 டாலர் முதல் போட்டது. வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருக்கும்போது நீங்கள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம் கேட்டார். இவர்கள் நியூயார்க் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, நல்ல கேமராவில் படம் எடுத்துக் கொடுத்தார்கள். வருமானம் அப்போதுதான் அசைந்தது.

அதன் பிறகு கட்டியவை எல்லாமே நம்பிக்கைக்கான ஏற்பாடுகள். தங்க வருபவரின் பணத்தை நிறுவனம் முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும், அவர் உள்ளே வந்து ஏறக்குறைய ஒரு நாள் கழிந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கு விடும். வீட்டுக்காரர் விருந்தினரை மதிப்பிடுவார், விருந்தினர் வீட்டுக்காரரை மதிப்பிடுவார். 2011-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணின் வீட்டைத் தங்க வந்தவர்கள் சூறையாடிவிட்டார்கள். நிறுவனம் முதலில் தடுமாறியது, பிறகு 50,000 டாலர் வரை சேதத்துக்கு உத்தரவாதம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே அது 10 லட்சம் டாலராக உயர்ந்தது.

கொரோனா வந்தபோது கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 2020 மே மாதம் ஊழியர்களில் கால் பங்கை, சுமார் 1,900 பேரை, வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்பதிவை ரத்து செய்த விருந்தினர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்ததில் வீட்டுக்காரர்கள் கொதித்துப் போனார்கள், அவர்களுக்கென்று 25 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று 68 டாலருக்கு வெளியிட்ட பங்கு, சந்தையில் 146 டாலரில் தொடங்கியது. 2024-ல் அந்தத் தளம் வழியாகப் பதிவான இரவுகளும் அனுபவங்களும் 49 கோடிக்கு மேல். வருமானம் 1,100 கோடி டாலர். 50 லட்சத்துக்கும் அதிகமான வீட்டுக்காரர்கள், 80 லட்சத்துக்கும் அதிகமான இடங்கள்.

இத்தனைக்கும் அந்த அறைகள் அதற்குச் சொந்தமில்லை. விற்கும் சரக்கு ஒன்றுதான்: "நீங்கள் உள்ளே வரலாம்" என்ற சொல். ஒரு சாராருக்கு மட்டும் கதவு திறக்காது என்றால் சரக்கே பழுது என்று அர்த்தம். சமூகத்துக்குக் கொடுத்த வாக்குறுதிகளை இந்த நிறுவனத்தின் வளர்ச்சியிலிருந்து பிரித்து, ஏதோ தர்ம காரியம் போலப் பார்ப்பது சரியில்லை என்று நான் நினைப்பது அதனால்தான்.

பதினாறு சதவீதம்

பழுது 2015-ல் எண்ணிக்கையாக வெளியே வந்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் சுமார் 6,400 வீடுகளுக்குத் தங்க இடம் கேட்டு எழுதினார்கள். எல்லாக் கோரிக்கையும் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. பாதிக்கு வெள்ளையர் பெயர் போலத் தோன்றும் பெயர், பாதிக்குக் கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றும் பெயர். இரண்டாவது வகைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்குள் கறுப்பின மக்கள் தங்கள் அனுபவங்களைச் சமூக ஊடகத்தில் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். காலியில்லை என்று சொன்ன அதே வீடு, வெள்ளை நண்பர் கேட்டதும் காலியானது என்று ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள்.

கொஞ்சம் யோசித்தால் காரணம் தெரியும். நம்பிக்கை வர வேண்டும் என்று முகப்படத்தையும் பெயரையும் முன்னால் வைத்தார்கள். அதே படமும் பெயரும்தான் ஆளைப் பார்த்து ஒதுக்குவதற்கும் வழி கொடுத்தன. நல்ல எண்ணத்தில் கட்டிய திண்ணையே சோதனைச் சாவடியாகிவிட்டது.

2016 செப்டம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த நவம்பர் 1 முதல் எல்லோரும் ஒரு உறுதிமொழிக்குச் சம்மதிக்க வேண்டும் என்றானது. இனம், மதம், பிறந்த நாடு, இனக்குழு, உடல் குறைபாடு, பாலினம், பாலின அடையாளம், பாலியல் நாட்டம், வயது எதுவாக இருந்தாலும் மரியாதையோடு, முன்முடிவு இல்லாமல் நடத்துவேன் என்பது அதன் சாரம். சம்மதிக்காதவர் வீடு விடவும் முடியாது, தங்கவும் முடியாது. ஒரு பொத்தானை அழுத்துவதில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் 2022-ல் வெளியான கணக்குப்படி, அந்தப் பொத்தானை அழுத்த மறுத்ததால் நீக்கப்பட்டவர்களும் உள்ளே விடப்படாதவர்களும் 25 லட்சம் பேர். பொய்யாகக்கூடச் சம்மதம் சொல்ல மனம் வராதவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.

உண்மையான மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. 2018-ல், பதிவு உறுதியாகும் வரை விருந்தினரின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியாதபடி மாற்றினார்கள். வீட்டுக்காரரின் தனி அனுமதி இல்லாமலே உடனே பதிவாகும் முறையைப் பரவலாக்கினார்கள். 2020-ல் 'கலர் ஆஃப் சேஞ்ச்' என்ற உரிமை அமைப்போடு சேர்ந்து, பாகுபாட்டைத் தொடர்ந்து அளக்கும் திட்டம் தொடங்கினார்கள். அதில் தெரிந்தது: 2021-ல் அமெரிக்காவில் வெள்ளையர் என்று தோன்றும் விருந்தினர்களின் முயற்சியில் 94.1 சதவீதம் பதிவாக முடிந்தது. கறுப்பினத்தவர் என்று தோன்றுகிறவர்களுக்கு 91.4 சதவீதம். இடைவெளி இன்னும் இருக்கிறது என்று நிறுவனமே அளந்து வெளியில் சொன்னதை நான் மதிக்கிறேன். வாக்குறுதியைக் கொடுப்பவர்கள் நிறையப் பேர், கொடுத்ததை அளந்து பார்க்கிறவர்கள் குறைவு.

பெயரில் ஒன்றும் தெரியாத ஊர்

இதில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது ஒரு சின்ன விஷயம். ஒரிகான் மாநிலத்தில் ஒரு வழக்கின் விளைவாக, 2022 ஜனவரி 31 முதல் அந்த மாநிலத்துக்காரர்கள் இடம் கேட்கும்போது வீட்டுக்காரருக்குப் பெயர் தெரியாது, முதல் எழுத்து மட்டும்தான் தெரியும் என்று மாற்றினார்கள். பெயருக்குப் பதில் இனிஷியல்.

நாம் அதை எப்போதோ செய்துவிட்டோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைப் பார்த்து அவர் என்ன ஆள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஹார்வர்ட்காரர்கள் செய்த சோதனையைத் தமிழ்ப் பெயர்களை வைத்து அப்படியே செய்ய முடியாது.

அதனால் நம் ஊரில் பாகுபாடு பெயரில் நிற்பதில்லை. கேள்வியில் நிற்கிறது. பூர்வீகம் எது, யார் வீட்டுப் பிள்ளை, குலதெய்வம் எது, எந்தத் தெரு. கேட்பவர் அன்பாகத்தான் கேட்பார். பாதி நேரம் அது உண்மையான அன்புதான், சொந்தபந்தம் தேடும் ஆசைதான். ஆனால் பதில் சொல்கிறவருக்கு அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். டெல்டாவில் தெரு என்பது வெறும் முகவரி இல்லை. 2016-ல் வந்த அந்த உறுதிமொழி வரியில் சாதி என்ற சொல் இல்லை. இருந்திருந்தாலும் திண்ணையில் நடந்ததை அது பிடித்திருக்குமா என்பது சந்தேகம். அத்தை யாரையும் மறுக்கவில்லையே. கதவு திறந்தது, அறை கிடைத்தது, சாப்பாடு கிடைத்தது, நட்சத்திரமும் ஐந்து விழுந்தது. குளியலறைத் தரையில் அழுக்கு இருந்தால் மதிப்பீட்டில் வந்துவிடும். பேப்பர் கப் வராது. தன்னை அவமதித்ததை ஊர் பார்க்க எழுதுவதற்கு யாருக்கு மனம் வரும்?

பழைய வீட்டின் அமைப்பையும் சொல்ல வேண்டும். நம் வீடுகள் அழகு என்று படம் எடுத்துப் போடுகிறோம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்ற அந்த வரிசையே யார் எதுவரை வரலாம் என்ற வரிசையும்தான். நெல் அளக்க வந்தவர் திண்ணைக்குக் கீழே வாசலில் நின்றார். உறவு அல்லாத மேல்சாதிக்காரர் ரேழி வரை வந்தார். கூலிக்கு வந்தவர்கள் கொல்லைப்பக்கச் சந்து வழியாக வந்து, கிணற்றடி தாண்டாமல் நின்றார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்களை எரித்த கீழ்வெண்மணி இந்த டெல்டாவில்தான் இருக்கிறது. அத்தை வீட்டுக் கதவைக் கைபேசியில் திறந்து வைத்தபோது இதையெல்லாம் நான் யோசித்திருக்க வேண்டும். படத்துக்கு வெளிச்சம் நன்றாக விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

நள்ளிரவு மணி

வழிப்போக்கருக்கு இடம் தருவதில் தஞ்சாவூருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் பாதை நெடுக சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. 1801-ல் இரண்டாம் சரபோஜி, தஞ்சாவூரிலிருந்த ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களில் நடப்பதை விவரிக்கிறார். பிராமணர் தொடங்கிப் பறையர் ஈறாக எல்லா வழிப்போக்கர்களுக்கும் அங்கே சோறு. நள்ளிரவில் ஒரு மணி அடிக்கும், இதுவரை சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடுங்கள் என்று கூவி அழைப்பார்கள். நோயாளிக்கு மருத்துவர் உண்டு, குழந்தைகளுக்குப் பால் உண்டு.

அந்த மணியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தக் காலத்து உறுதிமொழி அது. பொத்தான் இல்லை, மணி. அதே கடிதத்தில் இன்னொரு வரியும் உண்டு: சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமானும் தனியாகக் கொடுக்கப்படும். மற்றவர் சமைத்ததைத் தொடாதவர்களுக்கும் வழி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் இடம் உண்டு, ஆனால் எல்லோரும் ஒன்றாக இல்லை. இருநூறு வருஷத்துக்குப் பிறகு அத்தை வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

சட்டத்தின் நிலை தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 15-வது பிரிவு கடை, உணவகம், ஹோட்டல் எதிலும் சாதி பார்த்து ஒதுக்கக்கூடாது என்கிறது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், இப்போது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், இன்னும் ஒரு படி கீழே இறங்கி, ஹோட்டலிலும் தர்மசாலையிலும் சத்திரத்திலும் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றம் என்கிறது. பாத்திரம் என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறைக்கு எதிராகப் போராடியவர்களுக்கு அந்த வரி எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அந்தச் சட்டத்தில் ஹோட்டல் என்பதற்குள் தங்கும் விடுதியும் அடக்கம். காசு வாங்கித் தங்க வைக்கும் வீடு அதற்கு வெளியே நிற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்குக் கொடுத்த மற்ற வாக்குகள்

ஏர்பிஎன்பி நகரங்களுக்கும் சில வாக்குகள் கொடுத்தது. 2015 நவம்பரில், ஹோட்டல்களைப் போலத் தங்கும் வரி வசூலித்துக் கட்ட உதவுவோம், பெயர் விவரம் நீக்கிய தகவல்களை நகர நிர்வாகத்தோடு பகிர்வோம், வீட்டுத் தட்டுப்பாடு உள்ள இடங்களில் நிரந்தர வாடகை வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வோம் என்றது. நகரங்கள் அதில் திருப்தி அடையவில்லை. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், பதிவு செய்யாத குறுகிய கால வாடகை கூடாது. பார்சிலோனா, 10,000-க்கும் மேற்பட்ட சுற்றுலா அடுக்குமாடி வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக 2024-ல் அறிவித்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்பது அங்கே உள்ள கோபம்.

டெல்டா கிராமத்தில் நிலைமை நேர்மாறு. வீடு இருக்கிறது, ஆள் இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஓடு சரிந்து, உத்திரம் கரையான் அரித்து, பூட்டியே கிடக்கும் வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் நான்கு. இங்கே அறை வாடகை யாரையும் விரட்டவில்லை, ஒரு வீட்டை இடியாமல் காப்பாற்றுகிறது. இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு: கழிவுநீர் எங்கே போகிறது, பிளாஸ்டிக் பாட்டில் வாய்க்காலில் விழுகிறதா, பணம் அந்த ஒரு வீட்டோடு நிற்கிறதா. நாச்சியார்கோவில் விளக்குக் கடைக்கும், சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்களுக்கும், ஆட்டோக்காரருக்கும் எவ்வளவு போகிறது என்பதை வைத்துத்தான் நான் இதை எடை போடுவேன். 2028-ல் மகாமகம் வருகிறது. அதற்குள் கும்பகோணத்தைச் சுற்றி இப்படிப்பட்ட வீடுகள் நிறையத் திறக்கும்.

ஆபத்துக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது வீட்டுக்காரர் ஒருவர் வீடிழந்தவர்களுக்கு இலவசமாக இடம் தர முன்வந்தார், அதிலிருந்து நிறுவனத்தின் அவசரகாலத் தங்குமிடத் திட்டம் பிறந்தது. 2020-ல் அது தனி அறக்கட்டளையானது, உக்ரைன் போர் தொடங்கியதும் ஒரு லட்சம் அகதிகளுக்கு இடம் தருவோம் என்றது. 2004 சுனாமியிலும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபோதும் இங்கே பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. கான்கிரீட் வீடு வைத்திருந்தவர்கள் பலர் கதவைத் திறந்தார்கள். எந்தெந்த வீடு திறக்கும் என்ற பட்டியல் முன்கூட்டியே இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்! ஒவ்வொரு ஐப்பசியிலும் எனக்கு இது தோன்றும்.

பன்னிரண்டு டபரா

அந்தச் செய்தியை அத்தையிடம் படித்துக் காட்டினேன். முதலில் கோபப்பட்டார்.

"நான் என்னப்பா தப்பா பேசினேன்? இலை போட்டுச் சாப்பாடு போட்டேன். கடப்பாவும் இட்லியும் அந்தப் பொண்ணு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுச்சு. வந்தவங்களுக்குப் பேப்பர் கப்புல குடுக்கறது சுத்தமாச்சேன்னு குடுத்தேன்."

"அத்தை, போன மாசம் பெங்களூர்லேருந்து வந்தாங்களே, அவங்களுக்கு எதுல குடுத்தீங்க?"

பதில் வரவில்லை. முற்றத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "அந்தப் பாப்பாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மனம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஏற்பாட்டை மாற்றுவோம் என்று முடிவு செய்தோம். ஏர்பிஎன்பியின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். உறுதிமொழி வாங்கியதைவிடப் படத்தை மறைத்ததில்தான் எனக்கு நம்பிக்கை. யாருக்கு எந்தத் தகவல் எப்போது தெரிய வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது பதிவுகளை நான் சென்னையிலிருந்தே ஏற்றுக்கொள்கிறேன். அத்தைக்குப் போவது மூன்று விவரம்: எத்தனை பேர், எப்போது வருகிறார்கள், சைவமா அசைவமா. அடையாள அட்டையை எல்லோரிடமும் ஒரே மாதிரி முன்னாலேயே வாங்கி, வருகைப் பதிவேட்டில் நானே எழுதிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர் என்றால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும், அதுவும் என் பொறுப்பு. ஆகவே திண்ணையில் யாரும் யாரையும் ஊர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்கக்கூடாது என்று அத்தை ஒப்புக்கொண்டார். பழக்க தோஷத்தில் வாய் வரை வந்துவிடுகிறது என்கிறார். வந்தால், "பிரயாணம் சௌகரியமா இருந்துதா?" என்று மாற்றிக்கொள்கிறாராம்.

பேப்பர் கப் வீட்டிலேயே கிடையாது. கும்பகோணம் பாத்திரக்கடையில் ஒரே அளவில் பன்னிரண்டு பித்தளை டபரா செட் வாங்கினோம். வீட்டு டபரா, விருந்தாளி டபரா என்று பிரிக்க முடியாதபடி பழையதை எல்லாம் எடைக்குப் போட்டாயிற்று. மாமா குடித்த டபராவை மட்டும் அத்தை பீரோவில் எடுத்து வைத்துக்கொண்டார்.

தீராதது ஒன்று இருக்கிறது. குளியலறை கழுவ வரும் அக்கா இன்னும் கொல்லைச் சந்து வழியாகத்தான் வருகிறார். வாசல் வழியாக வாருங்கள் என்று நானே இரண்டு முறை சொன்னேன். "இருக்கட்டும் தம்பி, இதுதான் பழக்கம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சிரிப்பில் என் மேல் நம்பிக்கை தெரியவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் இருக்கிற இரண்டு நாளில் வாசல் வழியாக வந்துவிட்டு, மற்ற நாளில் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கூலியை உயர்த்தினோம். காபி கூடத்தில் கொடுக்கிறோம், அதே டபராவில். வாசல் இன்னும் பாக்கி.

திருத்துறைப்பூண்டித் தம்பிக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாள் கழித்து, "சரிங்க அண்ணா, சொன்னதுக்கு நன்றி" என்று பதில் வந்தது. திரும்ப வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புது டபரா வந்த முதல் வாரம் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அவர்களுக்கும் பெரியவருக்கும் ஒரே தட்டில் ஒரே மாதிரிக் காபி போனது. பெரியவர் தட்டைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "எனக்கு வேணாம்மா, வீட்லயே குடிச்சுட்டேன்" என்றார். நாலு நாள் திண்ணைப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தார். இப்போதும் தினமும் காலையில் வந்து பேப்பர் படிக்கிறார், யாரையும் ஊர் கேட்பதில்லை, காபியைத் தொடுவதுமில்லை. அத்தை தினமும் அவர் பக்கத்தில் ஒரு டபராவைக் கொண்டுபோய் வைக்கிறார். ஆறிய பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்.